கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் பி.எட். மாணவர்கள் சிலர் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வருவார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பது என் பொறுப்பு. மதிய உணவு இடைவேளையிலும், மாலையில் பஸ் நிறுத்தத்திலும், சில சமயம் இரவு தொலைபேசியிலும் அவர்கள் கேட்கும் சந்தேகங்களைப் பல ஆண்டுகளாகக் குறித்துவைத்து வந்தேன். கேட்பவர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். உதாரணங்களில் கணிதம் அதிகம் வரும். மற்ற பாடத்தினர் தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளடங்கிய கல்வி என்றால் மாற்றுத்திறன் குழந்தைகளை நம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதுதானே?

சேர்ப்பது முதல் படி. எங்கள் பள்ளியில் நடக்க முடியாத ஒரு மாணவனை நண்பர்கள் இருவர் தினமும் மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். பார்க்க நெகிழ்ச்சியாக இருந்தது, பாராட்டவும் செய்தோம். ஆனால் அவன் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் இருவரைக் கேட்க வேண்டுமே என்ற கூச்சம் அவனுக்கு. அந்த வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகுதான் அவன் எங்கள் பள்ளி மாணவன் ஆனான். அதுவரை அவனைச் சேர்த்திருந்தோம், அவ்வளவுதான்.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட அறிக்கையின் சாரமும் இதுவே: குழந்தைகளுக்கு ஏற்பப் பள்ளி மாற வேண்டும். அந்த அறிக்கை மாற்றுத்திறன் குழந்தைகளோடு நிற்கவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள், நாடோடிக் குடும்பத்துப் பிள்ளைகள், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் என்று அனைவரையும் பேசியது. ஆகவே உங்கள் வகுப்பில் மாற்றுத்திறன் சான்றிதழ் வைத்திருக்கும் குழந்தை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி உங்களுக்கு உண்டு.

பயிற்சி மொத்தம் எத்தனை வாரம்? முதல் சில நாட்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்களே, அது வீண் இல்லையா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரங்கள் களப்பணி, அவற்றில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் பள்ளியில் தங்கிப் பெறும் பயிற்சி. அந்தப் பதினாறு வாரங்களில் மிகவும் பயன்தரக்கூடியது நீங்கள் வீண் என்று நினைக்கும் அந்த முதல் வாரம்.

பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பின் இருக்கைகளை ஒரு தாளில் கட்டங்களாக வரைந்துகொள்ளுங்கள். ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. யார் தானாக எழுந்து பேசினாலும் ஒரு புள்ளி. யாருடைய நோட்டை ஆசிரியர் பார்த்தாலும் ஒரு வட்டம். மூன்று நாட்களுக்குப் பிறகு அந்தத் தாளைப் பாருங்கள். கோடும் புள்ளியும் வட்டமும் சில கட்டங்களில் நெருக்கியடிக்கும், சில கட்டங்கள் வெள்ளையாக இருக்கும். என் வகுப்பைப் பார்த்து ஒரு பயிற்சி மாணவி வரைந்த தாளில் ஆறு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. ஆறும் சுவரோரம் இருந்த பெண் பிள்ளைகள். அந்தத் தாளை அவர் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் காட்டினார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் செய்த உதவி அது.

பாடம் கற்பிப்புத் திட்டம் வெறும் ரெக்கார்டுக்காகத்தானே? வகுப்பில் யாரும் அதைப் பார்த்து நடத்துவதில்லையே?

நீங்கள் சொல்வது பல நேரம் உண்மை. முந்தைய ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து எழுதப்பட்ட திட்டம் எந்த வகுப்புக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த வகுப்புக்கும் உதவாது. நோக்கம், கற்பித்தல் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். ஆனால் அதைப் படித்தால் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

கல்லூரி கேட்கும் வடிவத்தில் எழுதிவிடுங்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் மூன்று பெயர்களை மட்டும் எழுதுங்கள்: இன்றைய பாடம் எளிதாகிவிடும் ஒரு பிள்ளை, தடுமாறக்கூடிய ஒரு பிள்ளை, பாடம் எப்படிப் போனாலும் வாயே திறக்காத ஒரு பிள்ளை. பிறகு திட்டத்தில் எழுதிய ஒவ்வொரு செயலையும் அந்த மூவரை மனத்தில் வைத்துப் படியுங்கள். அந்தச் செயலின்போது மூவரும் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? 'கவனித்தல்' என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் அந்தச் செயலை மாற்றுங்கள்.

நுண்ணிலைக் கற்பித்தலில் என்னைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையான வகுப்பில் ஏன் எடுபடவில்லை?

நுண்ணிலைக் கற்பித்தல் 1960களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. சில நிமிடம், சில பேர், ஒரே ஒரு திறன் என்று சுருக்கிப் பழகுவது. நீச்சலுக்கு முன் கரையில் கை வீசிப் பழகுவது போன்றது, தேவைதான். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் தோழர்கள். நீங்கள் என்ன பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், உடனே சொல்லிவிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அப்படிச் சொல்லாது.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் கேள்வி கேட்பதில்தான். கேள்வியைக் கேட்டதும் ஒரு நொடிகூட விடாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறீர்கள், அல்லது நீங்களே பதிலைச் சொல்லிவிடுகிறீர்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து இதையே கண்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

மூன்று நொடி என்பது வகுப்பறையில் நின்று பார்த்தால் மிக நீண்ட நேரம், கை கால் உதறும். மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணுங்கள். கை தூக்கியவரை உடனே எழுப்பாதீர்கள். ஒரு பைசா செலவில்லாமல் உள்ளடங்கிய கற்பித்தலில் எதையாவது நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எட்டாம் வகுப்பில் பலருக்குக் கழித்தலே தெரியவில்லை. நான் சமன்பாடு நடத்துவதா, கழித்தல் சொல்லிக்கொடுப்பதா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'கழித்தல் தெரியவில்லை' என்று சொல்வதை நிறுத்துங்கள். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லி நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். சரியான விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருக்கும். இரண்டும் எட்டும் இருந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறு, பூச்சியமும் ஏழும் இருந்தால் ஏழு. எது மேலே, எது கீழே என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இன்னொரு பிள்ளை 274 என்று எழுதியிருக்கும். அது கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை. நடுவில் இருக்கும் பூச்சியத்தைத் தாண்டி நூறிடமிருந்து நேராக ஒன்றுகளுக்கு வாங்கிவிட்டது, பூச்சியத்தின் கீழ் வந்ததும் ஏழை அப்படியே இறக்கிவிட்டது. மூன்றாவது பிள்ளை 580 என்று எழுதியிருக்கும், அது கூட்டிவிட்டது. இந்த மூவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்கும் குணமாகாது. மூன்றாமவருக்குக் கழித்தல் வகுப்பே தேவையில்லை, குறியைப் பார்க்கப் பழக்கினால் போதும்.

இரண்டாவது, இதற்காகச் சமன்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. கரும்பலகையில் x + 178 = 402 என்று எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பாடம் நடக்கிறது, அதே கழித்தல் உள்ளே இருக்கிறது. 376 எழுதிய பிள்ளைகளிடம் காகிதத்தில் செய்த ரூபாய் நோட்டுகளைக் கொடுங்கள்: நான்கு நூறு, இரண்டு ஒற்றை ரூபாய். கடைக்காரருக்கு 178 ரூபாய் தர வேண்டும், அவரிடம் மீதி தரச் சில்லறை இல்லை. ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றுவார்கள், அதில் ஒரு பத்தைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றுவார்கள். கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒற்றை. இப்போது எடுத்துக் கொடுத்தால் மீதி 224. 'கடன் வாங்குதல்' என்ற சொல்லைவிட 'மாற்றுதல்' என்ற சொல் பிள்ளைகளுக்குப் புரிகிறது என்பது என் அனுபவம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இங்கே யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லையே.

தொடக்கப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கச் சொன்னது. அதற்கு முன்பு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் அவரவர் படியிலிருந்து ஏறவே வழி செய்தது. உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் அந்தப் பார்வையைக் கழற்றி வைத்துவிடுகிறோம். பிள்ளை அதே பிள்ளைதான், வயது மட்டும் கூடியிருக்கிறது.

நிலை பார்த்துக் குழு பிரித்தால் 'மக்குக் குழு' என்று மற்றவர்கள் கேலி செய்ய மாட்டார்களா?

குழு ஆண்டு முழுவதும் மாறாமல் இருந்தால் நிச்சயம் செய்வார்கள். நீங்கள் ரோஜா, மல்லிகை என்று எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் எது எந்தக் குழு என்று இரண்டே நாளில் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முந்தைய பதிலில் சொன்ன மூன்று பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பிரித்தது ஒரு குறிப்பிட்ட தவறு. அது சரியானதும் அந்தக் குழு கலைந்துவிட வேண்டும். அடுத்த வாரம் வடிவியல் வரும்போது, கழித்தலில் தடுமாறியவன் உருவம் வரைவதில் முந்தி நிற்பான். அவனை அன்று வேறு குழுவில், சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார வையுங்கள். பாதி நேரமாவது எல்லா நிலைப் பிள்ளைகளும் கலந்து உட்காரும் குழுக்களாக இருக்கட்டும்.

ஒரு மாணவன் வாயால் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்கிறான். எழுதச் சொன்னால் மறுக்கிறான். சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறித்தனம் என்ற முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை பல உண்டு. பலகை தெரிகிறதா? பென்சில் பிடிப்பில் கை வலிக்கிறதா? படிக்கும்போது எங்கே நிற்கிறான்?

தமிழில் வாசிப்புச் சிக்கல் வெளிப்படும் விதத்தை நீங்கள் தனியாகக் கற்க வேண்டும். நம் பாடநூல்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் 'பி'யும் 'டி'யும் இடம் மாறுவதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒரு குறி முன்னால், ஒரு குறி பின்னால். இப்படிப்பட்ட பிள்ளை 'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கும், துணைக்காலைக் கண் தவறவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு தெரியாமல் 'செறு'வும் 'சேறு'ம் ஒன்றாகும். புள்ளி விட்டுப்போகும். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது, அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

உடனே செய்யக்கூடியவை: அவனை முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளை இந்தப் பத்தியை நீ வாசிக்கப் போகிறாய் என்று இன்றே தனியாகச் சொல்லுங்கள். பலகையிலிருந்து முழுவதையும் எழுதச் சொல்வதற்குப் பதில் முக்கிய வரிகளை மட்டும் எழுதவிடுங்கள். விடையை வாயால் சொல்ல விடுங்கள், அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

அப்படியானால் அவனுக்கு டிஸ்லெக்ஸியா என்று நானே சொல்லிவிடலாமா?

கூடாது. அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன, டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புச் சிக்கல் அடங்கிய கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. அதை உறுதி செய்ய முறையான மதிப்பீடு இருக்கிறது, மருத்துவச் சான்று இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைப்பது. 'வாசிக்க வராது' என்று எழுதாதீர்கள். 'கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் பத்தில் ஏழு தவறு' என்று எழுதுங்கள். இப்படிப்பட்ட ஒரு பக்கம் கையில் இருந்தால் மதிப்பீடு செய்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

காது சரியாகக் கேளாத மாணவியை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டேன். போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினேன். ஒரு பருவம் முழுவதும் அவள் என் முதுகைத்தான் பார்த்தாள். காதொலிக் கருவி இருந்தது, அதனால் எல்லாம் கேட்கிறது என்று எண்ணிவிட்டேன். அந்தக் கருவி என் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் தேர்வில் தோற்றாள். அந்தத் தோல்வியில் என் பங்கு உண்டு.

எழுதும்போது பேசாதீர்கள், திரும்பி நின்று பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது. பின்வரிசைப் பிள்ளை ஒரு பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். 'புரிகிறதா' என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். 'நான் இப்போது என்ன செய்யச் சொன்னேன்' என்று கேளுங்கள்.

பார்வை குறைந்த பிள்ளைக்கு இதன் மறுபக்கம். 'இதையும் இதையும் கூட்டினால் இது வரும்' என்று பலகையைச் சுட்டிப் பேசுவது கணித ஆசிரியர்களின் பழக்கம். சுட்டுச் சொற்களை விட்டுவிட்டு எண்ணையே சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிள்ளைக்காக மற்ற முப்பத்தைந்து பேரின் நேரம் வீணாவது நியாயமா?

மேலே சொன்னவற்றைத் திரும்பிப் பாருங்கள். மூன்று நொடி காத்திருப்பது, பலகைக்கு முதுகு காட்டி நின்று பேசுவது, எண்ணை வாய்விட்டுச் சொல்வது, மற்றவர் பதிலைத் திரும்பச் சொல்வது. இவற்றில் எதனால் யாருடைய நேரம் போயிற்று? கடைசி பெஞ்சில் வெயில் அடிக்கும் மூலையில் பலகை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் நீங்கள் சொன்ன எண் உதவியிருக்கும். முதலிலேயே பலவிதப் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பாடத்தை அமைப்பதைத்தான் அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஆனாலும் எல்லாமே இப்படி இலவசமாக முடிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய பிள்ளை இருக்கும். அதற்கு நேரம் தேவை, சில சமயம் இன்னொரு ஆள் தேவை. அந்த நேரத்தை மற்றவர்களிடமிருந்து பறிப்பதாக நினைக்காமல், மற்றவர்கள் தாங்களாகச் செய்யக்கூடிய வேலையை முன்கூட்டியே தயாரித்துக் கொண்டு போங்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரே, அந்தப் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். அவர் உங்கள் பள்ளியில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறது.

அவர் வரும் நாளை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் குடிக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? என் வகுப்பில் நான் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று எது? 'என்ன குறை' என்று தொடங்காதீர்கள்.

வகுப்பில் தமிழ் தெரியாத பிள்ளை இருக்கிறது. எனக்கு அதன் மொழி தெரியாது. என்ன செய்வது?

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கும், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும் வெளிமாநிலக் குடும்பங்கள் வருகின்றன. ஓசூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். நீலகிரியில் இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளின் வீட்டு மொழி பாடநூல் தமிழ் இல்லை. தமிழே வீட்டு மொழியான பிள்ளைக்கும் பாடநூல் தமிழ் கொஞ்சம் தூரம்தான், இதை நாம் மறந்துவிடுகிறோம்.

நீங்கள் அதன் மொழியைக் கற்க வேண்டியதில்லை. பத்துச் சொல் மட்டும் அந்தப் பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், வா, சரி, வலிக்கிறதா போன்றவை. ஆசிரியர் தன்னிடமிருந்து கற்கிறார் என்பதை வகுப்பு பார்க்கட்டும். முதல் சில வாரங்கள் அது பேசாமல் இருக்கலாம். அந்த மௌனத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் பொறுமையான ஒரு தோழியை உட்கார வையுங்கள். கணிதத்தில் எண்ணுரு அதற்குத் தெரிந்ததாக இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். பெயரை உங்கள் வசதிக்குச் சுருக்காதீர்கள். சரியாக உச்சரிக்க இரண்டு நாள் பழகுங்கள்.

அடிக்காமல், திட்டாமல் வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது? பயிற்சி ஆசிரியர் என்றால் யாரும் மதிப்பதில்லையே?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 'உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு' என்பதும் அந்த இரண்டாவது வகைதான்.

பயிற்சிக்கு வந்தவர்களில் வகுப்பு கைக்குள் வந்தவர்களை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் இரண்டாம் வாரத்துக்குள் எல்லாப் பெயரையும் கற்றார்கள். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் செய்யத் தொடங்கும் ஒரு சின்ன வேலை பலகையில் இருக்கும், அமைதிக்காகக் கத்த வேண்டிய அவசியம் வராது. சத்தம் போட்டவனைப் பெயர் சொல்லி நிறுத்தாமல் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒருநாள் சொன்ன விதியை மறுநாளும் காப்பாற்றினார்கள். பெரும்பாலான குறும்பு பாடம் புரியாத இடத்தில் தொடங்குகிறது. கழித்தல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சேர்த்துப் படியுங்கள்.

சாதியைப் பற்றி நான் வகுப்பில் பேசுவதே இல்லை. அது போதாதா?

போதாது. நீங்கள் பேசாவிட்டாலும் வகுப்பு அதை அறியும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீட்டில் வைத்தே வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டி வருவதைத் தடுப்பது, அகர வரிசைப்படி இருக்கை ஒதுக்குவது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு.

பயிற்சி ஆசிரியராக உங்கள் கையில் இருப்பவை சிறியவை, ஆனால் தினசரி நடப்பவை. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களின் பெயரை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள், தனியாக அழைத்துச் சொல்லுங்கள். குழுவை 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விடாதீர்கள், அப்படி விட்டால் ஊர்த் தெருக்கள் வகுப்புக்குள் வந்துவிடும். பெருக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் யாருக்கு வாய்க்கிறது என்று பாருங்கள், முறை வைத்துச் சுழற்றுங்கள். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு வேண்டாம். அப்பா பெயரையோ தெருவையோ கேட்டு ஒரு பிள்ளையைத் 'தெரிந்துகொள்ள' முயலாதீர்கள்.

ஒருவனுக்கு மட்டும் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி இல்லையா?

தேர்வில் நீங்கள் எதை அளக்கிறீர்கள்? கணித அறிவையா, எழுதும் வேகத்தையா? கணித அறிவை என்றால், கை ஒத்துழைக்காத பிள்ளைக்கு நேரம் கொடுக்காமல் விடுவதுதான் தவறான அளவீடு. பொதுத்தேர்விலேயே தகுதியுள்ள மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக, மருத்துவச் சான்றுடன், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அவசரமாகத் தேடாமல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கினால் பிள்ளைக்கும் பழக்கமாகும். எழுதுபவரிடம் விடை சொல்வதும் ஒரு திறமை, அதற்கும் பயிற்சி வேண்டும்.

மற்ற பிள்ளைகள் 'அவனுக்கு மட்டும் ஏன்' என்று கேட்டால் மழுப்பாதீர்கள். கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளையைக் காட்டி, எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேர்வு எழுதலாமா என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

வழிகாட்டி ஆசிரியரே 'கடைசி பெஞ்சை விட்டுவிடு, பாடத்தை முடி' என்கிறார். கல்லூரியில் வேறு சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அந்த ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் கையில் மற்ற வகுப்புகள், பதிவேடுகள், செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அவருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நேரம். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டே பிள்ளைகளை உங்களிடம் விடும்படி அவரிடம் கேளுங்கள். 'சார், இவர்கள் இருவருடன் தினமும் கால் மணி நேரம் உட்காரட்டுமா' என்றால் மறுக்க மாட்டார். ஒரு மாதம் கழித்து நோட்டைக் காட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளையை அடிக்கவோ அவமானப்படுத்தவோ உங்களைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மதிப்பெண் குறையும் என்ற பயம் வரும். உங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம் அன்றே சொல்லுங்கள்.

தனியார் பள்ளியில் வேலைக்குப் போனால் இதெல்லாம் எதற்கு உதவும்?

கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளும் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் கேட்டே அறியாத பிள்ளை, தேர்ச்சி குறையுமென்று ஒன்பதாம் வகுப்பில் வெளியே அனுப்பப்படும் நிலையில் இருக்கும் பிள்ளை எல்லாம் அங்கேயும் உண்டு.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளுக்குப் பேனாவும் மிட்டாயும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வீர்கள், அதில் தவறில்லை. அதோடு, நீங்கள் கூடுதலாகக் கவனித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எது வந்தது, எங்கே நின்றது, எப்படிக் கேட்டால் பேசியது. சாதி, குடும்பச் சண்டை, அப்பாவின் குடிப்பழக்கம் எதுவும் அதில் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பயிற்சி மாணவர், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றி இப்படி எழுதித் தந்தார்: 'பலகைக்கு வரச் சொன்னால் அழுவாள். சாக்குக்கட்டியை அவள் இடத்துக்கே கொண்டுபோய், தரையில் எழுதிக்காட்டச் சொன்னால் எழுதுவாள். பின்னங்களில் சமமான பங்கு என்பது வரை வந்திருக்கிறது.' அடுத்த ஜூனில் அவளுடைய எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் முதல் நாளே ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்குப் போனார்.